கருப்புத் திரையில் ஒரு சொந்த வரி

அடுத்த மேசைக்காரரின் திரையைப் பார்த்துத்தான் பெரும்பாலானோர் இதற்குள் வருகிறார்கள். ஒரே அலுவலகம், ஒரே மாதிரி லேப்டாப். இவருடைய டெர்மினலில் வெறும் வெள்ளை எழுத்து, ஒரு சதவீதக் குறி, பக்கத்தில் துடிக்கும் கர்சர். அவருடைய டெர்மினலில் பச்சை அம்புக்குறி, நீலத்தில் ஃபோல்டரின் பெயர், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் எந்தக் கிளையில் நிற்கிறார் என்ற தகவல், இன்னும் கமிட் செய்யாத மாற்றம் இருந்தால் மஞ்சளில் ஒரு பெருக்கல் குறி. இரண்டு எழுத்து அடிப்பதற்குள் மீதிக் கட்டளை சாம்பல் நிறத்தில் முன்னால் வந்து நிற்கிறது. வலது அம்பு விசையை ஒரு தட்டு. முழு வரியும் தயார். முந்தைய கட்டளை தோற்றுப்போனால் பச்சை அம்பு சிவப்பாகிறது. “இதை எப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்காமல் நகர முடிவதில்லை.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் பிளானெட் ஆர்கான் என்ற சிறிய மென்பொருள் நிறுவனத்தை நடத்திவந்த ராபி ரஸ்ஸலுக்கு 2009-இல் வாய்த்ததும் இதே சூழல்தான். அவர் சில ஆண்டுகளாகவே ஸீஷெல் என்ற ஷெல்லைப் பயன்படுத்திவந்தார். உடன் வேலை செய்தவர்கள் பாஷ் ஷெல்லோடு இருந்தார்கள். அவர்களையும் தன் பக்கம் இழுக்க ஆசை. ஆனால், அவருடைய செட்டிங்ஸ் கோப்போ அங்கிருந்தும் இங்கிருந்தும் சேர்த்துச் சேர்த்து வளர்ந்த ஒன்று. எழுதியவருக்கே பாதிதான் புரியும் என்ற நிலையில் இருப்பதை அடுத்தவர் கையில் எப்படிக் கொடுப்பது? அதைச் சிறுசிறு கோப்புகளாகப் பிரித்தார், நிறுவும் வழியை எளிமையாக்கினார், ஆகஸ்ட் 28, வெள்ளிக்கிழமை கிட்ஹப்பில் வெளியிட்டார். பெயர், ‘ஓ மை ஸீஷெல்’. அலுவலக நண்பர்கள் சிலருக்காகத் துடைத்துவைத்த அந்தத் தொகுப்புக்கு இன்று கிட்ஹப்பில் 1,70,000-க்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள். அதில் கைவைத்துத் திருத்தியவர்கள் 2,000-க்கும் அதிகம். 300-க்கு மேற்பட்ட பிளகின்கள், 140-க்கு மேற்பட்ட தீம்கள். முதல் பத்தியில் வந்த பச்சை அம்புக்குறிதான் அதன் இயல்பான தீம். அதற்கு இன்னமும் ராபி ரஸ்ஸலின் பெயரேதான்.

ஷெல் என்பது என்ன? நாம் அடிக்கும் வரியை வாங்கி, அதிலுள்ள சுருக்கங்களை விரித்து, உரிய நிரலைத் தேடிப் பிடித்து ஓடவிட்டு, அது முடியும்வரை காத்திருந்து, மறுபடி “சொல்லுங்கள்” என்று நம் முன் வந்து நிற்கும் ஒரு நிரல். அவ்வளவுதான். அது ‘சொல்லுங்கள்’ என்று நிற்கும் அந்த இடத்துக்குப் பெயர் ப்ராம்ப்ட். நாள் முழுக்க டெர்மினலில் வேலை செய்பவர் அந்த ஒற்றை வரியை நூற்றுக்கணக்கான தடவை பார்க்கிறார். அதில் எது தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்பதைத் தானே முடிவுசெய்ய விரும்புவது வீண் அலங்கார ஆசை ஆகாது. தச்சர் தன் உளியின் கைப்பிடியைத் தன் உள்ளங்கைக்கு ஏற்பச் சீவிக்கொள்வதைப் போன்ற காரியம் அது.

‘ஷெல்’ என்ற பெயரைத் தந்தவர் லூயி பூஸான் என்ற பிரெஞ்சுக்காரர். 1960-களில் எம்.ஐ.டி.யின் பகிர்வுக் கணினியில் வேலை செய்தபோது, ஒரு கோப்பில் எழுதிய கட்டளைகளை வரிசையாக ஓடவைக்கும் ‘ரன்காம்’ என்ற கருவியை உருவாக்கினார். ‘ரன் கமாண்ட்ஸ்’ என்பதன் சுருக்கம் அது. ஷெல்லின் செட்டிங்ஸ் கோப்புப் பெயர்கள் இன்றும் ‘ஆர்சி’ என்று முடிகின்றனவே, அந்த இரண்டு எழுத்து ரன்காமின் மிச்சம். கோப்பைத் திறந்து திருத்துபவர்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்துகொண்டால், அறுபது ஆண்டுப் பழைய ஒரு வாசலில் நிற்கிறோம் என்ற உணர்வு வரும்.

அந்தக் கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருக்கும். புள்ளியில் தொடங்கும் கோப்புகள் சாதாரணப் பட்டியலில் தெரிவதில்லை. இது யாரோ திட்டமிட்டுச் செய்த வசதி என்றுதான் தோன்றும். யூனிக்ஸ் உருவான பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ராப் பைக் 2012-இல் எழுதிய குறிப்பு வேறு கதை சொல்கிறது. ‘இந்த ஃபோல்டர்’, ‘மேல் ஃபோல்டர்’ ஆகியவற்றைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் பட்டியலில் வராமல் இருக்க, ‘பெயரின் முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் விட்டுவிடு’ என்று நிரலில் ஒரு குறுக்குவழி எழுதப்பட்டது. அதன் விளைவாகப் புள்ளியில் தொடங்கும் எல்லாக் கோப்புகளும் மறைந்துபோயின. பிறகு வந்தவர்கள் அந்த மறைவிடத்தில் தங்கள் செட்டிங்ஸை வைக்கத் தொடங்கினார்கள். இன்று ‘டாட்ஃபைல்ஸ்’ என்று தனியாகத் தொகுத்து, பதிப்பு வாரியாகப் பாதுகாத்து, ஆயிரக்கணக்கானோர் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் பழக்கத்தின் தொடக்கம் அந்தக் குறுக்குவழிதான்.

ஷெல்களின் வம்சாவளி நீளமானது. 1971-இல் கென் தாம்சன் யூனிக்ஸுக்கு முதல் ஷெல்லை எழுதினார். அன்றைய டெலிடைப் இயந்திரம் நொடிக்குப் பத்து எழுத்துதான் அச்சிடும். விசைகளை அழுத்தி அழுத்தி விரல் வலிக்கும். இரண்டெழுத்துக் கட்டளைகள் அந்தக் காலத்தின் குழந்தைகள். 1979-இல் ஸ்டீவன் போர்னின் ஷெல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தது. பெர்க்லியில் பில் ஜாய் சி-ஷெல் எழுதினார். போர்ன் வழியில் டாலர் குறி, சி-ஷெல் வழியில் சதவீதக் குறி என்று ப்ராம்ப்ட்டின் அடையாளங்களே இரண்டு குடும்பங்களாகப் பிரிந்தன. 1989-இல் குனூ திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ், லினக்ஸோடு உலகமெங்கும் பரவியது.

ஸீஷெல் பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் பால் ஃபால்ஸ்டாட் 1990-இல் எழுதினார். அப்போது அங்கே சோங் ஷாவ் என்ற ஆசிரிய உதவியாளர் இருந்தார். பின்னாளில் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனவர். அவருடைய லாகின் பெயர் ஸீ-எஸ்-ஹெச். ஒரு ஷெல்லுக்கு நல்ல பெயராக இருக்கிறதே என்று ஃபால்ஸ்டாட் அதையே சூட்டினார். பெயரின் கதை இவ்வளவு எளிது. கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் அது விவரம் தெரிந்தவர்களின் ஷெல்லாகவே இருந்தது. 2019-இல் ஆப்பிள் தன் மேக் இயங்குதளத்தின் கேட்டலினா பதிப்பில் பாஷை விலக்கி ஸீஷெல்லை இயல்பான ஷெல்லாக்கியது. அடுத்த ஆண்டு இறுதியில் காலி லினக்ஸும் அதே பாதையில் வந்தது. ஆப்பிள் காரணத்தை விளக்கவில்லை. ஆனால், மேக்கில் இருந்த பாஷ் 2006-ஆம் ஆண்டின் 3.2 பதிப்பிலேயே உறைந்துகிடந்தது என்பதும், அதற்குப் பிந்தைய பாஷ் பதிப்புகள் கட்டுப்பாடுகள் கூடிய ஜி.பி.எல். உரிமத்தின் மூன்றாம் பதிப்புக்கு மாறிவிட்டன என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. தாராளமான உரிமம் கொண்ட ஸீஷெல்லில் அந்தச் சிக்கல் இல்லை.

நிறுவுவது எளிது. இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இறக்கி ஷெல்லிடமே ஓடக் கொடுக்கும் ஒரு நீளமான வரி. ஏற்கெனவே ஆர்சி கோப்பு இருந்தால், ‘ஓ மை ஸீஷெல்லுக்கு முந்தையது’ என்று பொருள்படும் பெயரில் பழையதை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதியதை எழுதும். அந்தக் கோப்பைத் திறந்தால் இரண்டு வரிகள் முக்கியம். ஒன்றில் தீமின் பெயர். இன்னொன்றில், அடைப்புக்குறிக்குள் பிளகின்களின் பட்டியல். முதல் நாளில் ஏறக்குறைய எல்லோரும் செய்யும் தவறு, அந்தப் பெயர்களுக்கு நடுவே கால்புள்ளி போடுவது. அங்கே இடைவெளி மட்டும்தான். மாற்றிய பிறகு ஷெல்லைப் புதிதாகத் தொடங்கினால் போதும்.

தொடக்கத்தில் பட்டியலில் இருப்பது ஒரே ஒரு பிளகின், கிட். நீண்ட கட்டளைகளுக்கு இரண்டு, மூன்று எழுத்துச் சுருக்கங்கள் தருவது அதன் வேலை. ‘சூடோ’ என்று ஒரு பிளகின். நிர்வாக அனுமதி தேவைப்படும் கட்டளையை அதில்லாமல் அடித்து, மறுப்பு வாங்கிய அனுபவம் யாருக்கு இல்லை? எஸ்கேப் விசையை இரண்டு முறை தட்டினால் அந்த வரியின் முன்னால் ‘சூடோ’ தானாக ஒட்டிக்கொள்ளும். ‘எக்ஸ்ட்ராக்ட்’ பிளகின், சுருக்கிக் கட்டிய கோப்பு எந்த வகையாக இருந்தாலும் ஒரே கட்டளையில் பிரித்துத் தரும். வகைக்கு ஒரு கட்டளையை மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ‘இஸட்’ பிளகின், நாம் அடிக்கடி போகும் ஃபோல்டர்களை நினைவில் வைத்து, பெயரில் ஒரு துண்டைச் சொன்னாலே அங்கே கொண்டுபோய் விடும்.

மனதைக் கவரும் இரண்டு பிளகின்கள் இந்தத் தொகுப்புக்கு வெளியே இருப்பவை. தனியாக இறக்கிச் சேர்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் மீதிக் கட்டளையை முன்கூட்டியே காட்டுவது ஒன்று. கட்டளையின் பெயரைத் தவறாக அடித்தால் சிவப்பாகவும் சரியாக அடித்தால் பச்சையாகவும் காட்டுவது மற்றொன்று. இதைப் பட்டியலில் கடைசியாக வைக்க வேண்டும் என்பது அதை எழுதியவர்களின் அறிவுரை. இந்த இரண்டு யோசனைகளுக்கும் தாய்வீடு ஃபிஷ் என்ற ஷெல். ஆக்ஸெல் லில்யென்க்ரான்ட்ஸ் 2005-இல் தொடங்கியது. இந்த வசதிகள் அதில் நிறுவிய நிமிடமே கிடைக்கும். பிளகின் தேடி அலைய வேண்டாம். 2025-இல் வந்த அதன் நான்காம் பதிப்பு முழுக்க ரஸ்ட் மொழியில் மறுபடி எழுதப்பட்டது. புதிதாகத் தொடங்கும் ஒருவர், தான் எழுதும் ஸ்கிரிப்டுகள் பாஷோடு ஒத்துப்போக வேண்டியதில்லை என்றால், ஃபிஷ்ஷிலேயே குடியேறிவிடலாம். இதைச் சொல்ல ஸீஷெல் ஆர்வலர்கள் தயங்கத் தேவையில்லை.

அவ்வளவாகப் பேசப்படாத வசதிகளில் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஷெல் நாம் அடித்த ஒவ்வொரு கட்டளையையும் வரலாறாகக் கோப்பில் எழுதிவைக்கிறது. கடவுச்சொல்லையோ ரகசியச் சாவியையோ கட்டளை வரியிலேயே அடித்தால் அதுவும் அங்கே பதிந்துவிடும். ஓ மை ஸீஷெல்லில் ஓர் அமைப்பு இயல்பாகவே இயங்குகிறது: வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி விட்டு அடித்தால் அந்தக் கட்டளை வரலாற்றில் சேராது. வண்ணங்களைவிட இது முதலில் கற்க வேண்டியது.

தீம்களுக்கு வருவோம். பலரும் மணிக்கணக்கில் மூழ்குவது இங்கேதான். ‘அக்னோஸ்டர்’ போன்ற தீம் ஒன்றை ஆசையோடு போட்டுத் திறந்தால், படத்தில் கண்ட அழகான முக்கோணங்களுக்குப் பதில் கேள்விக்குறியும் கட்டமுமாக வந்து நிற்கும். தமிழில் தட்டச்சு செய்து பழகியவர்களுக்கு இந்த ஏமாற்றம் புதிதல்ல. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தபோது ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறிக் கிடந்ததை நினைத்துப் பார்க்கலாம். நோயின் மூலம் ஏறக்குறைய ஒன்றே. கிளை போன்ற பல சின்னங்களுக்கு யூனிகோடில் பொதுவான இடம் இல்லை. ‘அவரவர் விருப்பத்துக்கு’ என்று யூனிகோடு காலியாக விட்ட தனிப்பயன் பகுதியில் அவற்றை வைத்திருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டை அறிந்த எழுத்துரு இருந்தால் சின்னம், இல்லாவிட்டால் கட்டம். ‘நெர்ட் ஃபான்ட்ஸ்’ என்ற திட்டம் பிரபலமான எழுத்துருக்களில் இந்தச் சின்னங்களை ஒட்டித் தருகிறது. அதில் ஒன்றை இறக்கி, டெர்மினலின் அமைப்பில் தேர்ந்தெடுத்தால் முக்கோணங்கள் முக்கோணங்களாகிவிடும். தீமைக் குறை சொல்லிக்கொண்டு மாலையைத் தொலைத்தவர்கள் ஏராளம், தவறு எழுத்துருவில்.

ரோமன் பெரெபெலிட்சா எழுதிய ‘பவர்லெவல்10கே’ என்ற தீம், சின்னங்கள் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்க்கும் வேலையை மிக அக்கறையாகச் செய்தது. ‘இந்தச் சின்னம் உங்களுக்கு வைரம்போல் தெரிகிறதா?’ என்ற வகையில் ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலுக்கு ஏற்ப ப்ராம்ப்ட்டை அமைத்துக் கொடுக்கும். ஆனால், அதன் உண்மையான சாதனை வேகம். ப்ராம்ப்ட் ஒவ்வொரு முறை வரும்போதும், ‘கிட்டில் மாற்றம் ஏதும் உண்டா?’ என்று தேட வேண்டும். பல்லாயிரம் கோப்புகள் கொண்ட திட்டத்தில் அந்தத் தேடலுக்கே நேரமாகும். என்டர் தட்டியவர் கர்சருக்காகக் காத்திருப்பார். பெரெபெலிட்சா அந்தத் தேடலுக்கென்றே தனி நிரல் எழுதிப் பின்னணியில் ஓடவிட்டார். ஆர்சி கோப்பு முழுதாக ஏறும் முன்பே ப்ராம்ப்ட்டைக் காட்டிவிடும் உத்தியையும் கொண்டுவந்தார். இப்போது அந்தத் திட்டத்தின் முகப்பிலேயே, புதிய வசதிகள் வராது, பெரும்பாலான பிழைகள் திருத்தப்படாது என்று எழுதிவைத்திருக்கிறார். ஒரு மனிதரின் உழைப்பில் நிற்கும் கருவி இவ்வளவு பேருடைய அன்றாடத்தில் கலந்திருக்கிறது என்பது நன்றியோடு நினைக்க வேண்டியது. புதிதாக வருபவர்கள் ‘ஸ்டார்ஷிப்’ பக்கம் பார்க்கலாம். ரஸ்ட்டில் எழுதப்பட்டது, பாஷ், ஸீஷெல், ஃபிஷ், விண்டோஸின் பவர்ஷெல் என எதிலும் ஒரே செட்டிங்ஸோடு இயங்கும்.

ஆசை பெருகினால் ஒரு கட்டத்தில் புதிய டெர்மினல் திறக்கவே சில நொடிகள் பிடிக்கும். இருபது பிளகின், அவற்றில் பாதி எதற்கென்றே மறந்துபோன நிலை. ஸீஷெல்லுக்குள்ளேயே ‘ஸீப்ராஃப்’ என்ற அளவுகோல் இருக்கிறது. ஆர்சி கோப்பின் முதல் வரியில் அதை ஏற்றி, கடைசி வரியில் அழைத்தால், எந்தப் பகுதி எத்தனை மில்லிநொடி எடுத்தது என்று பட்டியலிடும். ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்களிடம் அந்தப் பட்டியலின் உச்சியில் அநேகமாக நோட் பதிப்புகளை மாற்றித் தரும் ‘என்விஎம்’ நிற்கும். தேவைப்படும்போது மட்டும் அதை ஏற்றும்படி மாற்றினாலே டெர்மினல் மூச்சுவிடும்.

வேகத்தைவிடக் கவலை தர வேண்டியது ஒன்று உண்டு. பிளகினும் தீமும் படங்கள் அல்ல, நிரல்கள். நம் கணக்கின் முழு அதிகாரத்தோடு ஓடுபவை. 2021-இல் ஓ மை ஸீஷெல்லிலேயே சில ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டன. இணையத்திலிருந்து பொன்மொழி ஒன்றை எடுத்து டெர்மினலில் காட்டும் பிளகின், வந்த எழுத்தைச் சரியாகக் கட்டுப்படுத்தாமல் அச்சிட்டது. அந்த எழுத்துக்குள் யாராவது கட்டளையை ஒளித்துவைத்தால் ஷெல் அதை ஓட்டிவிடும். ‘பிக்மேலியன்’ உள்ளிட்ட சில தீம்களிலோ, கிட் கிளையின் பெயரைக் காட்டும் இடத்தில் அதே போன்ற பிழை. விஷமமாகப் பெயரிட்ட கிளை கொண்ட ஒரு ஃபோல்டருக்குள் நுழைந்தாலே போதும். ஆயிரக்கணக்கான கண்கள் பார்க்கும் தொகுப்பிலேயே இப்படி என்றால், முன்பின் அறியாத ஒருவரின் பிளகினை ஒரு வரிகூடப் படிக்காமல் இறக்குவது எப்படிப்பட்ட துணிச்சல்? பெரும்பாலான பிளகின்கள் சில நூறு வரிகளுக்குள் முடிபவை. ஒரு தேநீர் நேரத்தில் படித்துவிடலாம். படித்தால், அதில் நமக்கு வேண்டியது நான்கு வரிதான் என்று தெரிந்து, அந்த நான்கை மட்டும் எடுத்து எழுதிக்கொள்வதும் உண்டு.

சர்வர்களில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. வீட்டு லேப்டாப்பில் கை பழகிய சுருக்கங்கள் எதுவும் அங்கே இருக்காது; வெறும் பாஷ்தான், சில இடங்களில் அதைவிடச் சிறிய டேஷ். நள்ளிரவில் ஏதோ பழுதாகி உள்ளே நுழைந்தவர், மூன்றெழுத்துச் சுருக்கத்தின் முழு வடிவம் என்னவென்று யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. முதலில் முழுக் கட்டளை, பிறகே சுருக்கம் என்ற வரிசை நல்லது.

ஆக, நல்ல ஆர்சி கோப்பு எப்படி இருக்கும்? பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களின் கோப்புகளைப் பார்த்தால் வியப்பு வரும். பெரும்பாலும் சிறியவை. ஒவ்வொரு வரிக்கும் மேலே, அது ஏன் வந்தது என்று ஒரு குறிப்பு. யாரோ கொடுத்த பட்டியலை முழுதாக ஒட்டிய தடம் இருக்காது. ஒரு நாள் ஏற்பட்ட இடைஞ்சல், அதற்காக எழுதிய ஒரு வரி, இப்படியே வளர்ந்திருக்கும்.

தமிழில் கோப்புகளுக்குப் பெயர் வைப்பவருக்கு அப்படியொரு இடைஞ்சல் காத்திருக்கிறது. டெர்மினல் என்பது சம அளவுக் கட்டங்களாலான ஒரு பலகை. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற கணக்கில் உருவானது. நம் எழுத்தோ, மெய்யின் மேல் புள்ளி, இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால் என்று கூடி நிற்பது. ‘கொ’ என்பது கணினியின் கணக்கில் இரண்டு குறியீடு, கண்ணுக்கு மூன்று உறுப்பு. கட்டங்களுக்குள் இதை எப்படி அடுக்குவது என்பதில் ஒவ்வொரு டெர்மினலும் ஒவ்வொரு விதம். சிலவற்றில் கொம்பு விலகும், சிலவற்றில் கர்சர் எழுத்தின் நடுவே நிற்கும். இது ஷெல்லின் கையில் இல்லை.

ஆனால், ஷெல்லின் கையில் இருக்கும் ஒரு பகுதி உண்டு. லினக்ஸில் ஸீஷெல்லைத் திறந்து ‘தமிழ்’ என்று அடித்தால், ழகரத்தின் மேல் புள்ளி வராமல், பக்கத்தில் கோண அடைப்புக்குறிக்குள் ‘0பிசிடி’ என்ற குறியீடு வந்து நிற்கும். யூனிகோடில் தமிழ்ப் புள்ளியின் எண் அது. புள்ளிக்குத் தனி அகலம் கிடையாது. அகலமில்லாத குறியை டெர்மினல் சரியாகக் காட்டுமோ காட்டாதோ என்ற சந்தேகத்தில், ஸீஷெல் பாதுகாப்பாக எண்ணையே எழுதிவிடுகிறது. ‘மீன்’ என்று அடித்தால் ஈகாரக் குறிக்கும் புள்ளிக்குமாக இரண்டு எண்கள். மேக்கில் இந்தத் தொல்லை இல்லை. காரணம், ஆப்பிள் தன் பொதுச் செட்டிங்ஸ் கோப்பில் ‘கம்பைனிங் கேரக்டர்ஸ்’ என்ற ஓர் அமைப்பை முன்கூட்டியே இயக்கிவைத்திருக்கிறது.

லினக்ஸில் அதை நாமே எழுத வேண்டும். வீட்டு ஃபோல்டரில் மறைந்திருக்கும் ஆர்சி கோப்பைத் திறந்து, கடைசியில் ‘செட்ஆப்ட்’ என்ற கட்டளையோடு அந்த அமைப்பின் பெயரைச் சேர்க்க வேண்டும். ஒரே வரி. மேலே ஒரு குறிப்பு: ‘தமிழ்ப் புள்ளிக்காக’. சேமித்து, டெர்மினலை மூடித் திறந்து, மறுபடி ‘தமிழ்’ என்று அடித்தால், ழகரத்தின் தலையில் புள்ளி இருக்கிறது.